ஜீன் ஹார்லோ கையெழுத்துப் படம்: மகளா, அம்மாவா?

1930களின் ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோ கையெழுத்திட்ட படம் உங்களிடம் இருக்கிறது, அது அசலா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் அது ஹார்லோவின் அம்மா போட்ட கையெழுத்து. பழைய சாமான் கடையில் வாங்கியது, "அன்புடன்" என்று ரசிகர் பெயரும் எழுதியிருக்கிறது என்கிறீர்கள். சந்தேகமே அங்கேதான்.

ரசிகர்களுக்குப் போன படங்களில் மகள் பெயரில் அம்மாதான் ஏராளமாக எழுதித் தந்தார். இதில் ஒரு விசித்திரம்: நடிகையின் இயற்பெயர் ஹார்லீன் கார்ப்பென்டர். ஜீன் ஹார்லோ என்பதே அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர்! தன் பெயரைத்தானே எழுதினார், அதனால் கை தயங்கிய தடமே இருக்காது. "கோடு நடுங்கவில்லை, அசல்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் படத்தைச் சாய்த்து, விளக்கொளியில் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். மை மேற்பரப்பில் தனியாக மினுங்க வேண்டும். கோடும் படமும் ஒரே பளபளப்பில் கலந்திருந்தால் அது அச்சு, அல்லது கையெழுத்தோடு எடுத்த நகல். அடுத்து, இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். தாள் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் 1950களிலோ அதற்குப் பிறகோ செய்த தாள். ஹார்லோ இறந்தது 1937இல், 26 வயதில்.

இரண்டும் தேறினால், ஹார்லோவுடைய ஒப்பந்தம், காசோலைகளில் உள்ள கையெழுத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

விலைக்கு, விற்பனைக்குப் போட்டிருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். அம்மா எழுதியதற்கும் வாங்குவோர் உண்டு, ஆனால் அசலின் சிறு பங்குதான் கிடைக்கும்.

தாள் ஒளிராவிட்டால் அது பழையதாக இருக்கலாம் என்று மட்டுமே பொருள், கையெழுத்து அசல் என்பதற்கு அது சான்று அல்ல. தயவுசெய்து மையை ஈரத்துணியால் தொடாதீர்கள்.