கடலை வேரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அண்ணே

அண்ணே, வணக்கம். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு மண்ணுல இருக்குற கிருமியைப் படிக்கிறேங்கிறாளே" என்று நேற்று மகளை வைத்துக்கொண்டே கேட்டீர்கள். மண் நுண்ணுயிர்களைப் படிக்க ஆசைப்படும் பிள்ளை, முகம் வாடிப்போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளத்தூரில் உங்கள் நிலம் செம்பொறை மண். அதில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூட்டை மூட்டையாக டி.ஏ.பி. உரம் போட்டாலும் பயிருக்குச் சேர்வது கொஞ்சம்தான். வேர் எட்டாத இடத்துக்கு வேரோடு ஒட்டி வாழும் வேர்ப்பூஞ்சை தன் இழையை நீட்டி அந்தச் சத்தைக் கொண்டுவந்து தருகிறது. செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கலை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மழை தவறி வெயில் ஏறும்போது இந்தக் கணக்குதான் ஆட்டம் காண்கிறது. கடலை வேரின் முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, சேர்த்துத் தருகின்றன; வறட்சியில் அதுவும் குறைகிறது. தவிக்கும் செடி எத்திலீன் என்ற வாயுவை அதிகம் உண்டாக்கித் தன் வேர் வளர்ச்சியையே அடக்கிக்கொள்கிறது. சில பாக்டீரியாக்கள் எத்திலீனுக்கான மூலப்பொருளையே தின்று, செடியைத் தாங்கிப் பிடிக்கின்றன. அப்படிப்பட்டதை நம் மானாவாரி நிலத்துக்கு ஏற்றபடி தேடி எடுப்பதுதான் உங்கள் மகள் ஆசைப்படும் வேலை. சின்ன வேலை இல்லை அண்ணே.

சரி, படிப்புக்கு வருவோம். பி.எஸ்சி. வேளாண்மை நான்கு வருடம், பி.எஸ்சி. நுண்ணுயிரியல் மூன்று வருடம். ஒரு வருடம் மிச்சம் என்று மட்டும் பார்த்து இரண்டாவதில் சேர்த்துவிடாதீர்கள். வேளாண்மை அலுவலர் வேலைக்கும், வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கும் நான்கு வருட வேளாண் பட்டப்படிப்பைத்தான் கேட்பார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேளாண் நுண்ணுயிரியலுக்கும் பொதுவாக அதே கதைதான். ஆகவே முதலில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்காவிட்டால் நுண்ணுயிரியல் எடுக்கட்டும். ஆனால் ஆய்வகத்தில் கைவேலை நன்றாகச் சொல்லித்தரும் கல்லூரியா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அதிலிருந்தும் எம்.எஸ்சி. படித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஆராய்ச்சிக்குப் போகலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதாமாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை; இது 2023-இல் உயர்த்திய தொகை. இப்போதிலிருந்து எண்ணினால் முனைவர் பட்டம் முடிக்கப் பத்து வருடம்கூட ஆகலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவ்வளவு தூரம் போகாமலும் வேலை உண்டு. நல்ல நுண்ணுயிர்களைக் கலந்து விற்கும் உயிர் உரங்கள் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. பொடியாக விற்கும் ரைசோபியம், அதாவது வேர்முடிச்சு பாக்டீரியா, என்றால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கிடக்கும் பாக்கெட்டில் எத்தனை உயிரோடு இருக்கும்? அதைச் சோதிக்கவும் ஆள் வேண்டும். தரமில்லாத பாக்கெட்டை வாங்கிப் போட்டுவிட்டு 'இதெல்லாம் பலிக்காது' என்று விவசாயி ஒதுக்கிவிடுவது எனக்கு மனது ஆறாத விஷயம்.

அடுத்த முறை கடலை போடும்போது, பூத்த செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து மகளிடம் கொடுங்கள். வேர் முடிச்சை நகத்தால் கீறிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஏன் அந்த நிறம் என்று அவளையே கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதற்கு முன்னால் விண்ணப்பக் கடைசித் தேதி வந்துவிடும். அதை மட்டும் தவறவிட வேண்டாம்.