ஓபோன் நாளில் ஜப்பானியர் வீட்டுக்குப் போகிறீர்களா?

கேள்வி: சென்டாயில் வேலை பார்க்கிறேன். என் மேலாளரின் அம்மா ஜனவரியில் காலமானார். ஆகஸ்ட் 14 அன்று வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்ன கொண்டுபோவது, எப்படிக் கும்பிடுவது?

பதில்: ஆகஸ்ட் 13 முதல் 16 வரை ஓபோன். மூதாதையர் வீடு திரும்பும் நாட்கள். வாசலில் சிறு தீ மூட்டி வரவேற்பார்கள். வெள்ளரிக்காயில் குச்சி செருகிச் செய்த குதிரையைப் பார்ப்பீர்கள், சீக்கிரம் வந்து சேர. பக்கத்தில் கத்தரிக்காய் மாடு, மெல்லத் திரும்பிப் போக. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்தபின் வரும் முதல் ஓபோனை 'ஹட்சுபோன்' என்பார்கள். அந்த வீட்டுக்கு இது அதுதான். அதனால் நீங்கள் பார்க்கப் போவது மேலாளரை மட்டுமல்ல, அந்த அம்மாவையும்தான்.

அவருக்குப் பிடித்த இனிப்பு எது என்று மேலாளரிடமே கேளுங்கள், தப்பில்லை. தெரியாவிட்டால் தனித்தனியாகப் பொதிந்த, கெட்டுப்போகாத இனிப்புப் பெட்டியோ பழமோ போதும். இறைச்சி, மீன் வேண்டாம். கடையில் 'ஓசொனாயே' என்று சொன்னால் படையலுக்குரிய தாளைச் சுற்றித் தருவார்கள். பணக்கவரும் வைப்பது வழக்கம். தொகையை அலுவலக நண்பர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போனதும் 'புட்சுதான்' என்னும் வீட்டுப் பீடத்தின் முன் மண்டியிட்டு உட்காருங்கள். மெழுகுவத்திச் சுடரில் ஊதுவத்தியைப் பற்றவையுங்கள். அதன் சுடரை வாயால் ஊதக்கூடாது, கையால் விசிறி அணையுங்கள். வத்தியைச் சாம்பலில் நிறுத்துவதா, படுக்க வைப்பதா என்பது பௌத்தப் பிரிவைப் பொறுத்தது. ஜோதோ ஷின்ஷூ வீடுகளில் ஒடித்துப் படுக்க வைப்பார்கள். கிண்ண மணியைத் தட்டுவதும் பிரிவுக்குப் பிரிவு மாறும். முன்னால் கும்பிட்டவரைப் பார்த்துச் செய்யுங்கள். பிறகு கைகூப்பிக் கண்மூடினால் போதும். மந்திரம் தெரிய வேண்டாம், மதம் தடையும் இல்லை. கைதட்டிக் கும்பிடுவது ஜப்பானின் பூர்வ மதமான ஷின்தோவின் கோயில் வழக்கம், இங்கே வேண்டாம்.

அப்புறம், சாப்பாட்டில் ஒரு கவனம். சோற்றில் சாப்பிடும் குச்சிகளை நட்டுவைக்காதீர்கள், அது இறந்தவருக்கு வைக்கும் சோறு. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் இருவர் சேர்ந்து எடுப்பார்கள். ஆறேழு மாதங்களுக்கு முன் மேலாளரும் தன் அம்மாவுக்கு அதைச் செய்திருப்பார்.