'மகன் மாதிரி' என்றால் சம்பளம் கிடையாதா?

கேள்வி: என் அப்பா தச்சர். எனக்கு 19 வயது. மூன்று வருடமாக ஓர் ஓவியரின் ஸ்டூடியோவிலேயே தங்கி வேலை கற்கிறேன். சாப்பாடு போடுகிறார், 'நீ என் மகன் மாதிரி' என்பார். ஆனால் சம்பளம் கிடையாது. நான் முழுதாக வரைந்த படங்கள்கூட அவர் கையெழுத்தோடுதான் விற்பனைக்குப் போகின்றன. விலகுகிறேன் என்றால், 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே' என்கிறார் அம்மா. இத்தாலியில் மான்தேன்யா என்ற தச்சர் மகன் குருவுக்கு அடங்கி இருந்துதான் பெரிய ஓவியர் ஆனார் என்று ஆசிரியர் அடிக்கடி சொல்வார். நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்கள் ஆசிரியர் அந்தக் கதையைப் பாதி வரைதான் படித்திருக்கிறார் போல.

ஆந்திரேயா மான்தேன்யா 1431 வாக்கில் பதுவா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா பியாஜோ தச்சர், அதுவரை சரி. பத்துப் பதினொரு வயதில் ஸ்குவார்ச்சோனே என்பவரின் பட்டறையில் சேர்ந்தார். இந்த ஸ்குவார்ச்சோனே ஒரு வேடிக்கையான ஆள். தையலும் பூவேலையும் செய்துகொண்டிருந்து, பிறகு ஓவியத்துக்கு வந்தவர். அவர் வரைந்தவை அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனால் பழைய ரோமானியச் சிலைத் துண்டுகள், அச்செடுத்த பிளாஸ்டர் உருவங்கள், வெவ்வேறு ஊர்களின் ஓவியங்கள் என்று நிறையச் சேர்த்து வைத்திருந்தார். பையன்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும், அதுதான் பாடம். அவரிடம் 137 பேர் படித்ததாக ஒரு பழைய கணக்கு உண்டு. மான்தேன்யாவின் படங்களில் துணி மடிப்புகூட உளியால் செதுக்கியது மாதிரி நிற்பது இந்தப் பயிற்சியால்தான். போதாததற்கு, தொனத்தெல்லோ என்ற மாபெரும் சிற்பி 1443 முதல் பத்து வருடம் பதுவாவிலேயே வேலை செய்துகொண்டிருந்தார். கண் திறந்திருக்கிற பையனுக்கு அது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு!

இனி ஆசிரியர் சொல்லாத மீதிப் பாதி. ஸ்குவார்ச்சோனே இவரைத் தத்தே எடுத்துக்கொண்டார். ஓவியர் சங்கப் பதிவேட்டிலும் அவர் மகன் என்றே எழுதியிருந்தார்கள். பெற்ற மகனுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? உழைப்பு பட்டறைக்கு, பணம் 'அப்பா'வுக்கு. 1448 இல், 17 வயதில், மான்தேன்யா விலகினார். அதே வருடம் ஒரு தேவாலயத்தின் பலிபீடத்துக்குப் படம் வரைந்து, 'பதுவாவின் ஆந்திரேயா மான்தேன்யா, வயது பதினேழு, தன் கையால் வரைந்தது' என்று அதிலேயே எழுதி வைத்தார். படம் இப்போது இல்லை. ஆனால் அந்த 'தன் கையால்' இருக்கிறதே, அதை எழுதும்போது அந்தப் பையன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரியும்போது போட்ட உடன்பாடு பிறகு வழக்கானது. உடன்பாடு போட்டபோது மான்தேன்யா மைனர், ஏமாற்றப்பட்டிருக்கிறார் என்று 1456 இல் வெனிஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவரைப் போலவே ஸ்குவார்ச்சோனேவுக்குத் தத்துப் போன மார்க்கோ சோப்போ என்ற ஓவியரும் பஞ்சாயத்து வைத்துத்தான் வெளியே வந்தார். ஆக, இது ஒரு பையனின் நன்றிகெட்டதனம் இல்லை.

அப்புறம் ஒன்று. மான்தேன்யா ஜாகோப்போ பெல்லினியின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். போட்டி ஓவியரோடு சம்பந்தமா என்று கோபப்பட்ட பழைய குரு, 'இவன் வரைகிற மனிதர்கள் கல்லாக நிற்கிறார்கள், உயிரே இல்லை' என்று ஊரெல்லாம் குறை சொன்னாராம். பிற்காலத்தில் ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி சொல்லும் கதை இது. மான்தேன்யாவுக்கு வலித்தது, ஆனாலும் அதில் உண்மை இருக்கிறது என்று உணர்ந்து, அடுத்த சுவரோவியங்களில் தெரிந்த மனிதர்களைப் பார்த்து வரைந்தார் என்கிறார் வசாரி. உங்கள் ஆசிரியரும் நாளைக்கு ஏதாவது சொல்வார். கோபத்தைத் தள்ளிவிட்டு, விஷயம் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1460 இல் மான்துவா நகரப் பிரபுவின் அரண்மனை ஓவியரானார். மாதம் 15 டுக்காட் தங்கக் காசு, வீடு, தானியம், விறகு என்று பேசி வைத்துக்கொண்டுதான் போனார். அதுவும் ஒழுங்காக வரவில்லை என்று பிரபுவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்! கேட்கக் கூச்சப்படவில்லை.

நீங்கள் உடனே மூட்டை கட்ட வேண்டாம். இன்று முதல் நீங்கள் வரைகிற ஒவ்வொரு படத்தையும் பாதியிலும் முடிவிலும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு ஆசிரியரிடம் தனியாக உட்கார்ந்து, மாதம் எவ்வளவு, எந்தப் படத்தில் யார் பெயர் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மழுப்பினால், கையில் இருக்கும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அம்மாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம், அப்பாவைப் பேசச் சொல்லுங்கள். தன்னிடம் தொழில் பழக வந்த பையன் தனியாக ஒரு கதவைச் செய்து முடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டால், அவனுக்கு எப்போதிலிருந்து கூலி கொடுக்க வேண்டும் என்று ஒரு தச்சருக்குத் தெரியும்.