கார் பெட்டகமும் கைத்துப்பாக்கியும்: கேள்வி பதில்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவராக, இருந்து ஓய்வு பெற்று, இப்போது சேலத்தில் பூட்டு, பெட்டகம் பொருத்தும் வேலை செய்கிறேன். உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியைக் காரில் வைக்கும் சிறு பெட்டகம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியோடு உள்ளே போக முடியாத இடத்தில் நீங்கள் இருக்கும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குத்தான் இந்தப் பெட்டகம். இரவில் துப்பாக்கி காரில் இருக்கக் கூடாது.

கேள்வி (செவ்வாய்பேட்டை, வெள்ளி வியாபாரம்): ஐயா, கொலுசுச் சரக்கோடு போகும்போது .32 ரிவால்வர் வைத்திருப்பேன். கோர்ட், கலெக்டர் ஆபீஸ் என்று போனால் வண்டியில்தான் விட வேண்டியிருக்கிறது. டேஷ்போர்டு அறையைப் பூட்டினால் போதாதா?

பதில்: போதாது. அந்த அறையின் கதவு பிளாஸ்டிக் கொக்கியில் நிற்கிறது. ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பினால் கையோடு வந்துவிடும். கண்ணாடியை உடைக்கிறவன் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

பெட்டகம் வாங்க வருகிறவர்கள் பூட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அது வண்டியோடு எப்படிப் பிணைக்கப்படுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் ரிவால்வர் முக்கால் கிலோ, பெட்டகம் இரண்டு மூன்று கிலோ. பிணைக்காத பெட்டகத்தைத் திருடன் அங்கேயே திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், தன் இடத்தில் நிதானமாக உடைப்பான். பெட்டகத்தோடு ஒரு ஸ்டீல் கயிறு தருவார்கள், அதை சீட் காலில் சுற்றி மாட்டச் சொல்வார்கள். கம்பி வெட்டும் பெரிய கட்டர் அதைச் சில நொடிகளில் வெட்டிவிடும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அவ்வளவுதான்.

சரியான வழி போல்ட். முன்சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் தரையிலோ பெட்டகத்தை வைத்து, அதற்கு உள்ளிருந்து போல்ட் இறக்கி, தரைக்குக் கீழே அகலமான இரும்புப் பட்டை கொடுத்து முறுக்க வேண்டும். வெறும் வாஷர் போட்டால் காரின் மெல்லிய தகடு கிழிந்து போல்ட்டோடு வந்துவிடும். போல்ட் தலை பெட்டகத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் ஒரு ஸ்பேனர் போதும்.

துளை போடும் இடத்தில் அவசரம் கூடாது. பல சின்னக் கார்களில் பின்சீட்டுக்குக் கீழேதான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் போட்ட வயர் போனால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதை நகர்த்தக்கூடக் கூடாது. சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி அதில் பெட்டகத்தை மாட்டித் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். விபத்து நடந்தால் உங்கள் உயிரைப் பிடித்து நிறுத்துவது அந்த போல்ட்.

அப்புறம், கோர்ட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சட்டையைத் தூக்கித் துப்பாக்கியை எடுத்து சீட்டுக்கடியில் வைக்காதீர்கள். பார்க்கிற கண்ணுக்கு அதுவே தகவல். வீட்டிலிருந்து கிளம்பும்போதே உறையோடு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். அன்றைக்குக் கோர்ட் வேலை மட்டும்தான் என்றால் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி (ஓமலூர்): 16 கேஜ், 18 கேஜ் என்கிறார்கள். எது நல்லது?

பதில்: எண் குறையக் குறையத் தகடு தடிமன். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.5, 14 கேஜ் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 16 கேஜைவிட மெல்லிய தகட்டில் வாங்க வேண்டாம். மூடியின் ஓரத்தில் விரல் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் தகடு எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை, அங்கேதான் நெம்புகோல் நுழையும்.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டம்): தினமும் மலைக்கும் சேலத்துக்கும் வருகிறேன். ஜீப்பில் பெட்டகம் வைத்த பிறகு பிஸ்டலில் துரு பிடிக்கிறது. பெட்டகத்தின் குறையா?

பதில்: பெட்டகத்தைக் குறை சொல்ல முடியாது. காரணம் உங்கள் மலைதான். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவெல்லாம் மூடுபனியில் குளிர்ந்த இரும்புப் பெட்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்துக்கு வரும்போது, சூடான ஈரக்காற்று அதன்மேல் பட்டு நீராகப் படிகிறது. பெட்டகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சு அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க இரும்போடு உறவாடுகிறது. தோல் உறையில் போட்டு வைத்தால் இன்னும் மோசம். தோல் பதனிட்ட உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும்.

பஞ்சைப் பிய்த்துவிட்டு மெல்லிய ரப்பர் விரிப்புப் போடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வையுங்கள், நிறம் மாறியதும் சூடுபடுத்தி மறுபடி வைக்கலாம். நைலான் அல்லது வார்ப்பு பிளாஸ்டிக் உறைக்கு மாறுங்கள். துணியில் துப்பாக்கி எண்ணெய் தொட்டு வாரம் ஒருமுறை துடையுங்கள். எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டினால் தூசிதான் சேரும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. பனியில் குளிரும் அளவுக்கு அது இரவில் ஜீப்பில் இருக்கிறது. துணிக்கூரை ஜீப்புக்குள் நுழைய ஒரு பிளேடு போதும். சாயங்காலம் பங்களாவுக்கு எடுத்துப் போய், சுவரில் பதித்த பெட்டகத்தில் வையுங்கள். துருப் பிரச்சினையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி (சூரமங்கலம்): மே மாதத்தில் காருக்குள் தோட்டா வெடிக்குமா?

பதில்: வெடிக்காது. வெயிலில் மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டலாம். தோட்டா தானாக வெடிக்க அது போதாது. நாள்கணக்கில் அப்படி வெந்தால் உள்ளே உள்ள மருந்து கெடும், தேவைப்படும் நேரத்தில் சுடாமல் போகலாம். பெட்டகத்தின் பேட்டரியும் கசியும்.

கேள்வி (ஆத்தூர்): துப்பாக்கி லைசென்ஸ் எப்படி வாங்குவது?

பதில்: கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (அழகாபுரம்): அண்ணா, கைரேகைப் பெட்டகம் வாங்கப் போகிறேன். சாவி தொலையாது, எண் மறக்காது. சரிதானே?

பதில்: காருக்கு வேண்டாம் தம்பி. பட்டன் அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு வாங்குங்கள். பேட்டரி கிடையாது, வெயிலும் பனியும் அதை ஒன்றும் செய்யாது. ஐந்து பட்டன் உள்ள வகையில் 1,082 சேர்க்கைகள் உண்டு, இருட்டில் தடவியே திறக்கலாம். அடுத்தபடியாக நல்ல சாவிப் பூட்டு. வட்டமான குழாய்ச் சாவி மட்டும் வேண்டாம்.

கேள்வி (அதே அழகாபுரம் தம்பி): என் போன் நொடியில் திறக்கிறது அண்ணா. நீங்கள் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள்.

பதில்: விரிவாகவே சொல்கிறேன், தம்பிக்கு மட்டும் உள்ள சந்தேகம் இல்லை இது.

போனில் இருக்கும் ரேகை உணரியும் அதன் மென்பொருளும் ஒரு தரம். மலிவான பெட்டகத்தில் இருப்பது வேறு தரம். ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பத் திரும்ப விரல் வைக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் வெள்ளிப் பட்டறையில் உட்காருகிறவர்களுக்கும் சிமெண்ட் தொடுகிறவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். வியர்வை இருந்தாலும் தூசி இருந்தாலும் சிக்கல்தான். இது திறக்க மறுக்கும் குறை. கோபம் வரும், ஆள் சாகமாட்டார்கள்.

திறக்கக் கூடாதவருக்குத் திறப்பதுதான் பயங்கரம். அமெரிக்காவில் 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரெஸ் என்ற கம்பெனியின் கைரேகைத் துப்பாக்கிப் பெட்டகங்கள் சுமார் 61,000 திரும்பப் பெறப்பட்டன. ரேகை சரியாகப் பதிவாகாத நிலையில் அந்தப் பெட்டகம் யார் விரல் வைத்தாலும் திறந்தது. தன் ரேகையைப் பதிந்துவிட்டதாகவே உரிமையாளர் நம்பிக்கொண்டிருப்பார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் சாவு அதோடு சம்பந்தப்பட்டது. அதற்கும் முன்னால், 2012-இல், பூட்டு ஆராய்ச்சியாளர்கள் லாஸ் வேகாஸ் மாநாடு ஒன்றில் மலிவான மின்னணுத் துப்பாக்கிப் பெட்டகங்களைச் சோதித்துக் காட்டினார்கள். சிலவற்றைச் சின்னக் குழந்தை லேசாகத் தூக்கிப் போட்டாலே திறந்துகொண்டன. கார் என்பது நாள் முழுக்கக் குலுங்கும் இடம், யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (குகை): அழகாபுரம் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆபத்து வந்தால் பட்டன் அழுத்திக்கொண்டா இருப்பது? கைரேகைதான் வேகம். ரேகை விழாவிட்டால் கூடவே சாவியும் இருக்கிறதே?

பதில்: கூடவே சாவி இருப்பதுதான் இரண்டாவது சிக்கல். ரேகை, எண், மாற்றுச் சாவி என்று மூன்று வழி வைத்தால் திருடன் மூன்றில் பலவீனமான ஒன்றைத் தேர்ந்தெடுப்பான். அந்த மாற்றுச் சாவிப் பூட்டு பெரும்பாலும் சைக்கிள் பூட்டைவிட மட்டமானது.

வேகம் பற்றி: ஓட்டும்போது துப்பாக்கி உங்களிடம் இருந்தால் அது உறையில், முழுவதும் மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 2016 ஆயுத விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பெட்டகம் நீங்கள் காரில் இல்லாத நேரத்துக்கானது. நீங்களே இல்லாதபோது ஒரு நொடியில் திறந்து யாருக்கு என்ன லாபம்?

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ், பெயர் வேண்டாம்): என் கணவர் துப்பாக்கியை ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வைக்கிறார். பிள்ளைகள் இருவர், ஆறு வயதும் ஒன்பது வயதும். சொன்னால் கேட்பதில்லை.

பதில்: அம்மா, இதை அவரிடம் நேராகக் காட்டுங்கள். ஐயா, பந்து உருண்டு போனால் குழந்தை கை விடும் இடம் அது. அடுத்த பிரேக்கில் துப்பாக்கி முன்னால் சறுக்கி உங்கள் கால் மிதிகளுக்கு இடையில் வரும், இல்லாவிட்டால் பின்னால் போய்ப் பிள்ளைகளின் காலடியில் நிற்கும். துணி விசையை மறைக்காது, விரல் உள்ளே போகும். ‘தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்’ என்று எல்லாத் தகப்பனும் சொல்வார். ஆறு வயதுப் பிள்ளையின் கீழ்ப்படிதலை நம்பித் துப்பாக்கி வைக்க முடியாது.

இன்றைக்கே தோட்டாக்களை இறக்கித் தனியே வையுங்கள். துப்பாக்கி வீட்டில் பூட்டிய பெட்டகத்துக்குப் போகட்டும். பிள்ளைகள் வண்டியில் ஏறும் நாளில் அது வண்டிக்கே வர வேண்டாம். அவர் மறுத்தால், உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ முறைப்படி ஒப்படைத்து வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அம்மா, உங்கள் கணவர் என்னைப் பார்க்க விரும்பினால் காசு வாங்காமல் உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறேன்.

கேள்வி (ஐந்து ரோடு): டிரைவர் எப்போதும் வண்டியிலேயே இருப்பார். அவரிடம் பெட்டகத்தின் எண்ணைச் சொல்லி வைக்கலாமா?

பதில்: கூடாது. எண் தெரிந்தவர் கையில் துப்பாக்கி இருப்பதாகவே அர்த்தம். உங்கள் உரிமத்தில் ரீடெய்னராக, அதாவது உங்கள் சார்பில் ஆயுதத்தை வைத்திருக்க அனுமதி பெற்றவராக, பெயர் சேர்க்கப்படாதவர் அதை வைத்திருந்தால் இருவருக்கும் வழக்கு. நல்ல மனிதரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள். சர்வீஸுக்கோ வாட்டர் வாஷுக்கோ விடும்போதும் பெட்டகம் காலியாக இருக்க வேண்டும்.

கேள்வி (அம்மாபேட்டை): உள்ளூர்ப் பட்டறையில் செய்து வாங்கலாமா?

பதில்: தாராளமாக. மூன்று மில்லிமீட்டர் தகட்டில், கீல் உள்ளே வைத்து, மூடியைச் சட்டத்துக்குள் இறக்கிச் செய்யச் சொல்லுங்கள். ஆன்லைனில் வருவதில் பலவற்றைவிட உறுதியாக இருக்கும். பூட்டை மட்டும் தனியாக நல்லதாக வாங்கிக் கொடுங்கள். முதலில் சீட்டை முன்னும் பின்னும் முழுக்க நகர்த்தி, அடியில் உள்ள மிகக் குறைந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ரிவால்வரில் தோட்டா போடும் உருளைதான் அகலம், அதை அளக்க மறந்துவிட்டு மூடி சாத்தவில்லை என்று வருகிறார்கள்.

கேள்வி (மெய்யனூர்): மின்சாரக் கார் வைத்திருக்கிறேன்.

பதில்: தரையில் துளை போடவே கூடாது, கீழே பேட்டரி. டிக்கியின் பக்கச் சட்டத்தில் முடியுமா என்று வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): எங்கள் அபார்ட்மெண்டில் வாட்ச்மேனும் கேமராவும் உண்டு. அப்போது இரவில் காரில் வைக்கலாம்தானே?

பதில்: கூடாது. கேமரா திருட்டைப் படம் பிடிக்கும், தடுக்காது.

கேள்வி (எடப்பாடி): பெங்களூருக்கும் முதுமலைக்கும் போவேன். பெட்டகத்தில் பூட்டி எடுத்துப் போகலாமா?

பதில்: பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் உங்கள் உரிமம் எந்த எல்லைக்குச் செல்லும் என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் ஓசூர் தாண்டக் கூடாது. வனவிலங்குச் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்கு அது எதற்கு? விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி (ராசிபுரம்): கைரேகைப் பெட்டகம் எது நல்லது?

பதில்: மேலே அழகாபுரம் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (தாரமங்கலம்): வீடு பக்கத்திலேயே இருக்கிறது, ஒரே ஒரு இரவு மட்டும்...

பதில்: இல்லை. ஒரு இரவும் இல்லை. வீடு பக்கத்தில் இருக்கிறது என்றால் உள்ளே எடுத்துப் போக இன்னும் சுலபம்.

கேள்வி (மேட்டூர்): அப்படியும் திருடு போய்விட்டால்?

பதில்: உடனே பக்கத்துக் காவல் நிலையம். நாளைக்குப் பார்ப்போம் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே தெரிவிப்பது உரிமத்தின் நிபந்தனை. துப்பாக்கி எண், உரிம எண், பெட்டகத்தின் படம், பொருத்திய ரசீது எல்லாம் போனிலும் வீட்டிலும் இருக்கட்டும். அமெரிக்காவில் திருட்டுப் போகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு கார்களிலிருந்துதான் போகிறது. கொலராடோ மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து, ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கி இருந்தால் கண்ணில் படாத, பூட்டிய, கெட்டியான பெட்டியில் இருக்க வேண்டும், வண்டியும் பூட்டியிருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

கேள்வி (செவ்வாய்பேட்டை, முதலில் கேட்டவர்): ஐயா, அளந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியில் நான்கு அங்குலம் இருக்கிறது. சனிக்கிழமை வரட்டுமா?

பதில்: வாருங்கள், நான்கு அங்குலம் போதும். வண்டியை மட்டும் கொண்டு வாருங்கள். ரிவால்வர் வேண்டாம், உருளையின் அகலத்தையும் மொத்த நீளத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் சரி.