வெர்டன் ஒப்பந்தம்னா என்ன? பிராங்க் பேரரசை ஏன் மூணா பிரிச்சாங்க?

சிம்பிளா சொன்னா, மேற்கு ஐரோப்பாவோட பெரும்பகுதியை ஆண்ட பிராங்க் இனத்துப் பேரரசன் சார்லமேனோட பேரன்கள் மூணு பேரு 843ல வெர்டன்ங்கிற ஊர்ல சாம்ராஜ்யத்தைப் பங்கு போட்டுக்கிட்ட உடன்படிக்கைதான் இது. பிராங்குகள்கிட்ட ராஜ்யம்ங்கிறது குடும்பச் சொத்து மாதிரி, மூத்தவனுக்கே எல்லாம்னு கிடையாது, மகன்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிறதுதான் வழக்கம். 840ல இந்த மூணு பேரோட அப்பா லூயி செத்ததும் மூத்தவன் லோத்தர் நான்தான் பேரரசன், எல்லாம் என் கைக்குள்ளன்னு நிக்க, தம்பி லூயியும் இன்னொரு தாரத்துப் பிள்ளை சார்லஸும் சேர்ந்து 841ல ஃபோந்தெனுவாவில அவனை அடிச்சுத் தோற்கடிச்சாங்க.

அப்புறம்தான் பேச்சுவார்த்தை. நம்மூர் பாகப்பிரிவினையில நஞ்சை, கிணறு, தோப்புன்னு பார்த்துப் பிரிப்பாங்கல்ல, அதே கதைதான், நூறு பேருக்கு மேல போய் நிலம், மடங்கள், வருமானம் எல்லாம் கணக்கெடுத்தாங்க. கிழக்கு லூயிக்கு, மேற்கு சார்லஸுக்கு, நடுவுல வட கடல்ல இருந்து இத்தாலி வரைக்கும் நீளமான பட்டை லோத்தருக்கு. சார்லமேனோட தலைநகர் ஆகனும், ரோமும் அதுலதான், பேரரசன் பட்டம் இருக்குல்ல. ரைன் நதிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் மைன்ஸ், வோர்ம்ஸ், ஷ்பயர்ங்கிற ஊர்கள் லூயிக்குப் போச்சு, திராட்சை மதுவுக்காகன்னு ஒரு பழைய வரலாற்றாசிரியர் எழுதி வச்சிருக்கார் (நம்பலாம்னுதான் தோணுது).

நடுப்பட்டைதான் சீக்கிரம் உடைஞ்சது. லோத்தர் 855ல அதைத் தன் மூணு மகன்களுக்குப் பிரிச்சான், அதுல ஒருத்தன் முறையான வாரிசு இல்லாம 869ல செத்ததும் சித்தப்பாக்கள் ரெண்டு பேரும் 870ல மெர்சன்ல உட்கார்ந்து அவன் பங்கைப் பிரிச்சுக்கிட்டாங்க.

பலரும் வெர்டன்லயே பிரான்சும் ஜெர்மனியும் பிறந்துடுச்சுன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, 880கள்ல கிழக்கை வாங்கின லூயியோட மகன் குண்டு சார்லஸ் கையில கிட்டத்தட்ட மொத்தமும் மறுபடி ஒண்ணாச்சு, 887ல அவனை இறக்கின பிறகுதான் நிரந்தரமா பிரிஞ்சது.