ஆர். எஸ். தாமஸின் கவிதை வேலைக்கு உதவுமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள பேங்கர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் உங்கள் மகள், இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு வேல்ஸ் கவிஞர் ஆர். எஸ். தாமஸை எடுத்திருக்கிறார். வேலைக்கு உதவும் தலைப்பாக மாற்றச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

தாமஸ் 1913இல் கார்டிஃபில் பிறந்தவர், பேங்கரிலேயே படித்தவர். மானஃபன், அபர்டாரன் போன்ற சிற்றூர்களில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தார். வேல்ஸ் மொழியை வளர்ந்த பிறகுதான் கற்றார். தன்வரலாற்றை அதில் எழுதியவருக்குக் கவிதை ஆங்கிலத்திலேயே வந்தது. அந்த வேதனை அவருக்கு ஆறவேயில்லை.

அவர் படைத்த மலைநாட்டு விவசாயி இயாகோ பிரிதெர்க் பற்றிய ஒரு கவிதை, அவனுடைய அழுக்கையும் வெறுமையையும் கண்டு முகம் சுளிப்பதுபோல் நகரும். முடியும்போது, இவனை நினைவில் வைத்துக்கொள் என்று நம்மிடமே சொல்லும். அந்தக் குரல் எந்த இடத்தில், எந்தச் சொல்லால் திரும்புகிறது? மாணவி இதை வரிவரியாக நிறுவ வேண்டும். மறுப்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் அலுவலகத்திலும் அரசுத் துறையிலும் பதிப்பகத்திலும் கேட்கப்படுவது இந்தத் திறமைதான். இதை ஆசையில்லாத தலைப்பில் யாராலும் வளர்த்துக்கொள்ள முடியாது.

ஆனால் பட்டம் மட்டும் வேலை தேடித் தராது என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆசிரியராக ஓராண்டு பயிற்சி தேவை. ஆவணக் காப்பாளராக முதுநிலைத் தகுதி கேட்பார்கள். அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு உண்டு, வேல்ஸ் தேசிய நூலகமும் அதே ஊரில் இருக்கிறது. பேங்கரிலேயே தாமஸ் ஆய்வு மையம் உள்ளது. அங்கே போய் வேலை செய்து பழகட்டும். நூலகத்தில் கிடைக்கும் பதிப்பை மட்டும் வைத்து எழுதுவது போதாது.

எல்லாவற்றிலும் முக்கியம், உங்கள் மகள் வேல்ஸ் மொழி கற்க வேண்டும். 2011ஆம் ஆண்டுச் சட்டம் அம்மொழிக்கு வேல்ஸில் அதிகாரபூர்வத் தகுதி அளித்தது. பொதுத்துறை அமைப்புகள் பல அதில் சேவை வழங்கியாக வேண்டும். இரு மொழியிலும் எழுதத் தெரிந்தவருக்கு அங்கே தனி மதிப்பு. தாமஸைப் படிப்பதற்கும் அது உதவும்.

தலைப்பைப் பற்றி இனி வீட்டில் வாதம் வேண்டாம். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு பள்ளியிலோ ஆவணக் காப்பகத்திலோ சில வாரம் பணி அனுபவம் பெற விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பக் கடிதத்தை அனுப்பும் முன் எனக்குக் காட்டட்டும்.