பாடகர் குடியை விடும்போது: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கணவர் மேடைப் பாடகர். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திருவிழா, கலியாணவீடு என்று இசைக்குழு எங்கே போனாலும் இவருடைய பாட்டுக்குத்தான் சனம் காத்திருக்கும். யூடியூப்பில் பாட்டுகள் வந்த பிறகு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கோல் எடுக்கிறார்கள்.

ஆரம்பத்தில் நிகழ்ச்சி முடிந்த பிறகு மட்டும்தான் குடித்தார். பிறகு மேடை ஏறுவதற்கு முன்னும் பழகினார். இப்போது காலையில் எழும்பியதும் குடிக்காவிட்டால் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் கதிர்காமத்துக்கு நடந்து போவார். முந்தியெல்லாம் விரதம் தொடங்கியதிலிருந்து ஒரு துளி தொடமாட்டார். போன வருடம் விரதம் தொடங்கி மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊருகிறது என்று கத்தினார். என்னையே யாரென்று கேட்டார். மாமி பூசாரியைக் கூட்டிவந்து நூல் கட்டுவித்தா. அப்புறம் யாரோ கொஞ்சம் சாராயம் கொடுக்க அடங்கிவிட்டது.

இப்போது அவரே விடவேண்டும் என்கிறார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது வீடியோ எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று பயம். குடிக்காமல் பாட வராது என்றும் சொல்கிறார். நான் யோசிப்பது வேறு. "நான் குடியை விட்டுவிட்டேன், யாரும் எனக்கு வாங்கித் தராதீர்கள்" என்று முகநூலில் அவரையே ஒரு வீடியோ போடச் சொன்னால் என்ன? ஊருக்கெல்லாம் தெரிந்தால் வெட்கத்திலாவது குடிக்கமாட்டார் அல்லவா? எங்கள் மகனுக்குப் பதினான்கு வயது. அவனுக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் பெயர், ஊர், இசைக்குழுவின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டேன். அடையாளம் காட்டக்கூடிய இன்னும் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் இரவு வந்தது பேயுமில்லை, சாமிக் குற்றமுமில்லை. நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் குடி திடீரென்று நின்றால் வரும் வருத்தம் அது. கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலம் போனதுமே கை நடுங்கத் தொடங்கலாம். வியர்க்கும், நித்திரை வராது. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் நீங்கள் கண்ட கோலம்: இல்லாததைக் காண்பது, ஆள் மறந்துபோவது, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு. மதுசாரம் மூளையை அமுக்க அமுக்க, மூளை அதை எதிர்த்து வேகமாக ஓடப் பழகிவிடுகிறது. அமுக்கம் சட்டென்று எடுபட்டதும் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. சாராயம் கொடுத்ததும் அடங்கியது அதனால்தான். வைத்தியம் செய்யாமல் விட்டால் இதில் உயிர் போகவும் கூடும். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பும் அதிகம்.

ஆகவே கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்து ஒரே நாளில் விடுகிற முறை உங்கள் கணவருக்குச் சரிவராது. டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் டயசிபாம் போன்ற ஒரு மருந்தைக் கொடுத்து, ஒரு வாரமளவில் அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1-உம் கொடுப்பார்கள். நெடுநாள் குடித்தவர்களிடம் அது குறைந்துபோனால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே கெட்டுவிடலாம். நூற்றுக்கணக்கான பாட்டு வரிகளை மனதில் வைத்துப் பிழைப்பவருக்கு இதை நீங்கள் விளக்கவேண்டிய அவசியம் இருக்காது.

சோற்றிலோ கறியிலோ கலந்து கொடுத்தால் குடியை மறக்கும் என்று விற்கிற தூள்களை யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை உண்மையிலேயே உண்டு. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, சத்தி வந்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். எடுப்பவர் தெரிந்து, சம்மதித்து, டொக்டரின் கண்காணிப்பில் எடுக்கவேண்டிய மருந்து அது. களவாகக் கலந்து கொடுத்து, அவர் மேடைக்குப் பின்னால் போய் ஒரு கிளாஸ் போட்டாரென்றால் நிலைமை என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஆஸ்பத்திரிப் பயத்துக்கு வருவோம். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது. கொழும்புப் பக்கம் அங்கொடையில் இருக்கிற மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிற பழைய பயம் எங்கள் சனத்திடம் இன்னும் போகவில்லை. குடியை நிறுத்துகிற முதல் வாரத்துக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 1926 என்ற தொலைபேசி இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தினுடையது. அவர் தயங்கினால் முதலில் நீங்கள் எடுத்துப் பேசிப் பாருங்கள்.

வீடியோப் பயம் வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஊர்ப் பிரபலம் சினிமாப் பிரபலத்தைவிடக் கஷ்டமானது. நடிகருக்கு உயர்ந்த மதிலும் கேட்டும் தனி வாகனமும் உண்டு. எங்கள் ஆளுக்கு ஓட்டோக்காரரும் ரசிகர், நேர்ஸும் ரசிகை, மருந்து கொடுக்கிற பிள்ளையும் பாட்டை முணுமுணுக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் குடிப்பது ஊருக்குத் தெரியாதா? வாங்கிக் கொடுத்தவர்களே ஊரார்தானே? குடிப்பது தெரிந்தால் பரவாயில்லை, மருந்து எடுப்பது தெரிந்தால் மானம் போய்விடும். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடுவதேயில்லை.

இனி உங்கள் யோசனை. முகநூல் வீடியோ வேண்டாம், தங்கச்சி.

உங்கள் கணவர் கைதட்டலில் பழகியவர். வீடியோ போட்ட இரவே ஆயிரம் பேர் வாழ்த்துவார்கள், வெளிநாட்டிலிருந்து கோல் எடுத்து அழுவார்கள். குடியை விடுவதற்கான பாராட்டு முழுவதும் விடுவதற்கு முன்னமே கைக்கு வந்துவிடும். நாற்பதாம் நாள் இரவு நித்திரை வராமல் புரண்டுகொண்டிருக்கும்போது ஒருவரும் கைதட்டமாட்டார்கள். அப்போதுதான் மனம் கேட்கும். இடையில் ஒரு நாள் தவறிவிட்டால்? பலருக்குத் தவறும், அது இந்த வருத்தத்தின் இயல்பு. ஊருக்கு அறிவித்தவர் அதை ஒளிக்கத்தான் பார்ப்பார். ஊருக்கு ஒளிப்பவர் டொக்டருக்கும் உங்களுக்கும் ஒளிப்பார். வெட்கம் அவரைக் குடிக்காமல் வைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை வெட்கம் ஆட்களை வளவுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குடிக்க வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை வேறு ஆட்கள் முன்னமே யோசித்திருக்கிறார்கள். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன், டொக்டர் பொப் ஸ்மித் என்ற இரண்டு பேர் சந்தித்ததில் தொடங்கியது அல்கஹோலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் பெயர் காட்டாமல் கூடுகிற அமைப்பு. இருவருமே குடியில் நாசமாகிக்கொண்டிருந்து, ஒருவரோடொருவர் பேசிப் பேசி மீண்டவர்கள். பத்திரிகை, வானொலி, சினிமா எதிலும் உறுப்பினர்கள் தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளக்கூடாது என்பது 1950-இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட மரபுகளில் ஒன்று. புதிதாக வருகிறவரின் மானத்தைக் காப்பது அதற்கு ஒரு காரணம். பழையவர்களின் தலை வீங்காமல் பார்ப்பது மற்றக் காரணம். 1954-இல் யேல் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் தர முன்வந்தபோது வில்சன் வேண்டாம் என்றார். டைம் சஞ்சிகை அட்டையில் போடக் கேட்டபோதும் மறுத்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பொன்னாடையை வேண்டாம் என்று சொன்னவரை நான் இன்னும் காணவில்லை.

வெளியே சொல்லி மற்றவர்களுக்கு உதவியவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் பாடகர் எல்ட்டன் ஜோன் 1990-இல் குடியை விட்டார், அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார். உங்கள் கணவரும் ஒரு நாள் பேசலாம். சில வருடங்கள் போகட்டும்.

இப்போதைக்கு அவர் பெயரில்லாமல் இருப்பதுதான் நல்லது என்பதற்கு வில்சன்கூடத் தேவையில்லை, உங்கள் கணவருடைய கதிர்காம நடையே போதும். உகந்தையில் முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கிவிட்டால், குமண தாண்டி, யால காட்டுக்குள்ளால் கதிர்காமம் போய்ச் சேரும்வரை எல்லாரும் "சாமி"தான். வங்கி மனேஜரும் சாமி, மீன் வியாபாரியும் சாமி, மேடைப் பாடகரும் சாமி. காட்டுக்குள் தவறணை இல்லை. ரசிகர் என்று போத்தல் நீட்டுபவர் இல்லை. கூட நடப்பவர்களும் தொடாதவர்கள். முந்திய வருடங்களில் அவரால் அத்தனை நாள் இருக்க முடிந்ததற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், இதுவும் ஒரு காரணம். அந்த ஏற்பாட்டை வீட்டுக்கும் வேலைக்கும் எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் நீங்கள் இருவரும் இருந்து யோசிக்கவேண்டும். அதே நடை அவருக்கு ஒரு கெடுதலும் செய்திருக்கும் என்று நினைக்கிறேன். "ஆடியில் விட்டேன்தானே, நினைத்தால் விடுவேன்" என்ற துணிவிலேயே மிச்ச மாதங்கள் ஓடியிருக்கும். அடுத்த முறை டொக்டர் சம்மதிக்காமல் விரதம் தொடங்கவேண்டாம். காட்டுக்குள் வலிப்பு வந்தால் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது?

யார் யாருக்குச் சொல்வது? இசைக்குழுத் தலைவருக்கு, வேன் ஓட்டுகிற தம்பிக்கு, அவர் மதிக்கிற ஒரு பழைய நண்பருக்கு. முன்பு குடித்து விட்டவர் ஒருவர் தெரிந்தால் அவருக்குக் கட்டாயம். இவ்வளவு பேர் போதும். நிகழ்ச்சிக் காசை நடுச்சாமத்தில் அவர் கையில் கொடுக்காமல் மறுநாள் வங்கியில் போடச் சொல்லலாம். பாடி முடிந்ததும் குழுவோடு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம். இப்போது மாரி தொடங்குகிறது. பெரிய திருவிழாக் காலம் வருவதற்கு வைகாசி ஆகவேண்டும். வருமானம் எப்படியும் குறைகிற மாதங்கள் இவை, வைத்தியத்துக்கு இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. மேடைக்குக் கொஞ்ச நாள் லீவு விட்டால் தொண்டைக்குச் சுகமில்லை என்று சொல்லுங்கள். பாட்டுக்காரர் சொன்னால் சனம் நம்பும்.

குடிக்காமல் பாட வராது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. காலையிலேயே நடுங்குகிற உடம்புக்குக் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும், குரலும் நிலைக்கும். குடி உண்டாக்கிய நடுக்கத்தைக் குடியே நிறுத்துகிறது, பெயர் மட்டும் பாட்டுக்குப் போகிறது. கூத்துக்காரர் சிலரும் இதைச் சொல்வார்கள், கால் போத்தல் உள்ளே போகாவிட்டால் விடியும்வரை ஆட முடியாதாம். அப்படியென்றால் சட்டம் கொடுத்த, அதாவது பாத்திரங்களைப் பங்கிட்டுக் கொடுத்த நாளிலிருந்து சதங்கை அணிவது வரைக்கும், அப்புறம் அரங்கேற்றம் வரைக்கும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மாதக்கணக்காகக் கத்திக் கத்திப் பழக்கியது யாரை? போத்தலையா? கிற்றார்க் கலைஞர் எரிக் கிளப்டன் 1982-இல் வைத்தியத்துக்குப் போனார், திரும்பக் குடித்தார், 1987-இல் மறுபடியும் போனார். அதற்குப் பிறகு குடிக்காமலேயே பல வருடங்கள் உலகமெங்கும் மேடை ஏறினார். 1998-இல் அன்ரிகுவாத் தீவில் ஒரு மீட்பு நிலையமும் தொடங்கினார். இரண்டாம் தடவைதான் பிடித்தது என்பதை உங்கள் கணவருக்குச் சொல்லிவையுங்கள்.

ரசிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையில் சால்வையும் மாலையும், மேடைக்குப் பின்னால் ஒரு போத்தல் என்பது மரியாதையின் பகுதியாகவே ஆகிவிட்டது. இந்த நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மதுசார விளம்பரத்துக்குத் தடை, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் தடை. கையில் கிளாஸோடு பிரபல பாடகர் சிரிக்கிற தொலைபேசி வீடியோவைவிட நல்ல விளம்பரம் எந்தக் கம்பனிக்குக் கிடைக்கும்? ஒரு சதம் செலவில்லை.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் ஒரு சிகிச்சை நிலையத்தை உருவாக்கினார். அங்கே குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் உண்டு. கிளினிக்குக்குப் போகும்போது உங்களுக்கும் உளவளத்துணையாளரோடு பேச நேரம் கேளுங்கள். கணவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

மகனுக்கு உள்ளதைச் சொல்லுங்கள். அந்த மூன்றாம் நாள் இரவு அவன் எங்கே படுத்திருந்தான் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நித்திரையாக இருந்திருக்கமாட்டான். அப்பாவுக்கு ஒரு வருத்தம், அதற்கு மருந்து இருக்கிறது, மருந்து எடுத்தாலும் சிலநேரம் திரும்ப வரும், அது உன்னால் வந்ததில்லை. இதை அப்பாவே சொன்னால் இன்னும் நல்லது. போத்தலைத் தேடி ஒளிக்கிற வேலையையும், இரவில் அப்பாவைத் தேடிப் போகிற வேலையையும் அவனிடம் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது "உன்ர அப்பா ஆஸ்பத்திரியிலாமே" என்று கேட்டால் "ஓம், சுகமில்லை" என்று சொல்லட்டும். ஈரல் வருத்தமா, சீனி வருத்தமா என்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற பெரியவர்களை மாமி பார்த்துக்கொள்ளுவா.